எங்கள் வீட்டு முறத்தில் ஒரு முள்முடி

முறம் எங்கள் வீட்டு முறம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசைக்கு முன்னால். கோயில் வாசற்படிக்குக் கீழே சரளை கொட்டிய தரையில் நான் முட்டி போட்டிருக்கிறேன். எதிரே இரண்டு முழம் தள்ளி அந்த முறம். அதற்குள் காரைமுள்ளை வளைத்து நாரால் கட்டிய ஒரு முடி. எப்போதோ கட்டியது. கோயில் பரணில் சிலந்தி வலை பிடித்துக் கிடந்ததைத் தூசி தட்டி எடுத்து வந்திருந்தார்கள்.

முறத்தின் ஒரு மூலை பிய்ந்திருக்கும். என் அம்மா தன் பழைய சேலைக் கிழிசலை வைத்து அதைத் தைத்திருந்தாள். கத்தரிப்பூ நிறத் துணி. அந்தத் தையலைப் பார்த்ததும்தான் எனக்கு விஷயமே புரிந்தது. முந்தின நாள் சாயங்காலம் கோயில் ஆள் வந்து, "ஒரு மொறம் குடும்மா" என்று கேட்டிருக்கிறான். எதற்கு என்று கேட்கத் தைரியமில்லாமல் அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டாள். என் தலையில் வைக்கப்போகிற முள்ளை எங்கள் வீட்டு முறத்திலேயே வைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள்.

முட்டி வலியெல்லாம் அப்புறம். அந்த முறத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது இத்தனை வருஷம் கழித்தும் முழுசாக அடங்கவில்லை.

வலது பக்கம் ஆண்கள், இடது பக்கம் பெண்கள். கொஞ்சம் தள்ளி, புளியமரத்து நிழலில் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். டீச்சர் முட்டி போடுவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது.

வாசகர் கேட்ட கேள்வி

போன வாரம் மத்தூர்ச் சந்தையில் என்னை ஏமாற்றிய செருப்புக்காரரைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். "அம்மா, வாராவாரம் ஊரில் இருப்பவர்களையெல்லாம் வாங்கு வாங்கென்று வாங்குகிறீர்கள். உங்கள் தப்பை எப்போது எழுதப் போகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான் ஐயா. முதலில், அந்த முள்முடியை என் தலையில் வைக்க வந்த ராயப்ப மாமாவை முடித்துக்கொள்கிறேன். என் முறை கடைசியில் வரும்.

போதாக்குறைக்கு என் மகள் வேறு ஞாபகப்படுத்திவிட்டாள். அவளுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. போன ஞாயிறு போனில், "ஷிப்டுக்கு லேட்டா வந்த ரெண்டு பேருக்கு மெமோ குடுத்துட்டேம்மா" என்று பெருமையாகச் சொன்னாள். "நீ அன்னிக்கு எத்தனை மணிக்குப் போனே?" என்று கேட்டேன்.  சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

அவளுக்கு இந்தக் கதை தெரியாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

எங்கள் ஊர் மத்தூர்ச் சந்தைக்கு நடந்தே போய்வரக்கூடிய தூரம். பெயர் வேண்டாம், இன்னும் அங்கே எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பாதி ஊர் வேதக்காரர்கள், அதாவது எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்கள். மீதிப் பாதி மாரியம்மனைக் கும்பிடுகிற குடியானவர்கள். அறுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்து நாலு வயசு. கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பா, சாமியார் இல்லாத நாளில் கோயிலைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியாராக இருந்து காலமாகி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அம்மா, நான், என் தங்கை லூர்து.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஊரறியத் தப்புச் செய்தவர்கள், ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில் ஒரு ஞாயிறு, கோயில் வாசலில் முட்டி போட வேண்டும். கோயில் தர்மகர்த்தா முள்முடியை எடுத்துத் தலையில் வைப்பார். ஊரே அவர்களைத் தாண்டி உள்ளே போகும். எல்லோரும் போனபிறகுதான் முடியைக் கழற்றி அவர்களை உள்ளே விடுவார்கள். மற்ற ஊர்களில் அப்போதே இதை விட்டுவிட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் பரணில் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

மாவிளக்கு

நான் செய்த தப்பு இதுதான்.

பக்கத்து வீட்டு முனியம்மா என்னைவிட இரண்டு வயசு சின்னவள். வீட்டில் தெலுங்கு பேசுவாள், காட்டு வேலையில் தமிழ், சண்டை என்று வந்துவிட்டால் இரண்டும். அவள் மகளுக்கு அம்மை போட்டபோது மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்துவிட்டது. திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது முனியம்மாவின் பாதத்தில் மண்வெட்டி இறங்கிவிட்டது. கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிப் படுத்துவிட்டாள்.

வேண்டுதலை அடுத்த வருஷத்துக்குத் தள்ள அவளுக்கு மனசில்லை.

"ஒன் நாத்தனார் கிட்ட குடுத்து அனுப்பேன்" என்றேன்.

"அவகிட்டயா? பாதி மாவ வழியிலயே தின்னுடுவா. நீ எடுத்துட்டுப் போ டீச்சரக்கா."

"நான் வேதக்காரிடி."

"நீ கும்பிட வேணாம். நடக்கத்தானே கேக்கறேன். ஒன் காலு கூடவா வேதக்காரக் காலு?"

 எடுத்துக்கொண்டு போனேன். பச்சரிசி மாவும் வெல்லமும் சேர்த்து இடித்துத் தட்டில் குவித்து, நடுவில் குழி செய்து நெய் ஊற்றித் திரி போட்டிருந்தாள். ஏரிக்கரை மேல் ஒன்றரை மைல் நடை. அன்றைக்குப் பார்த்துக் காற்று. விளக்கு அணைந்தால் முனியம்மா என்னைச் சும்மா விடமாட்டாள் என்று முந்தானையால் மறைத்து மறைத்து, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தேன். முந்தானை ஓரம் கொஞ்சம் கருகிக்கூடப் போயிற்று.

பூசாரி, "யாரு பேருக்கும்மா?" என்று கேட்டார். "முனியம்மா பேருக்கு" என்றேன். நான் கும்பிடவில்லை. பராக்குப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து தட்டைக் கொடுத்ததும் முனியம்மா ஒரு உருண்டை மாவைக் கிள்ளிக் கொடுத்தாள். தின்றேன். ஏலக்காய் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

இதில் எந்த இடத்தில் பாவம் வந்தது என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் ஏரிக்கரையில் என்னைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். நான் வீடு வந்து சேர்வதற்குள் சேதி கோயில் கமிட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மூன்று ஓலை

அந்தச் சமயம் பார்த்து லூர்துவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சாமல்பட்டி ஸ்டேஷனில் ரயில்வே வேலை. நல்ல பையன், லூர்துவைப் பார்த்த அன்றைக்கே வரதட்சணைப் பேச்சை எடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டவன். அவன் அம்மாதான் கறார். ஈஸ்டர் முடிந்த வாரம் கல்யாணம் என்று நாள் குறித்தாயிற்று.

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று தடவை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் பூசையில் அறிவிப்பதற்குப் பெயர் ஓலை. எங்கள் ஊருக்குத் தனிச் சாமியார் கிடையாது. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு மோட்டார் சைக்கிளில் வருவார். ஈஸ்டருக்கு எங்கள் ஊருக்கு வரமாட்டார். அப்படிக் கணக்குப் போட்டால் முதல் ஓலையை அந்த ஞாயிறே வாசித்தாக வேண்டும். தவறினால் நாள் தவறும். நாள் தவறினால் சம்பந்தமே தவறும், ஏனென்றால் மாப்பிள்ளையின் அம்மா ஜோலார்பேட்டையில் இன்னொரு பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் எங்களிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

இது ராயப்ப மாமாவுக்கு நன்றாகத் தெரியும். அவர்தான் கோயில் தர்மகர்த்தா. மாந்தோப்பு, கிணறு, வெள்ளை வேட்டி, எந்நேரமும் வெற்றிலை. கெட்ட மனுஷன் என்று ஒரேயடியாகச் சொல்லமாட்டேன். பள்ளிக்கூடத்துக்குக் கூரையைப் பிரித்து ஓடு போட்டுக் கொடுத்தவரே அவர்தான். ஆனால் ஊரில் யார் குனிந்தாலும் அது தன் எதிரில் நடக்க வேண்டும் அவருக்கு.

அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து தீர்ப்பைச் சொன்ன அன்றைக்கு, வாசலில் கெம்பம்மா முட்டி போட்டிருந்தாள்.

கெம்பம்மா நாலாம் வகுப்பு. ஜவளகிரிப் பக்கத்திலிருந்து கல் உடைக்க வந்த குடும்பம். வீட்டில் கன்னடம். எங்கள் தமிழை ஆறே மாதத்தில் பிடித்துக்கொண்டாள், ஆனால் 'எங்கே' என்பதற்கு மட்டும் 'எல்லி' என்பாள். எத்தனை தடவை திருத்தினாலும் எல்லிதான். தினமும் லேட்டாக வருவாள். லேட்டாக வந்தால் பத்து நிமிஷம் வெளியே சரளையில் முட்டி. அது என் சட்டம். பள்ளிக்கூடத்தில் யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை.

"ஏம்மா புஷ்பம், கமிட்டியில பேசிட்டோம்" என்றார் ராயப்ப மாமா. "ஞாயித்துக்கெழம வாசல்ல முட்டி போட்டு முடி வாங்கிக்க. அன்னிக்கே லூர்து ஓலைய படிச்சிரலாம். இல்லன்னா ஓலை கெடையாது."

"மாவெளக்கு எடுத்தது நானு. ஓலை லூர்துவோடது. ரெண்டுக்கும் என்ன மாமா சம்பந்தம்?"

"ஒரே வூடுதானே."

"நான் முட்டி போட மாட்டேன்."

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். "நீ புள்ளைங்கள போட வெக்கிறே. நாங்க சொன்னா மட்டும் ஒனக்கு வலிக்குதா?"

"அது பள்ளிக்கூடம். அது வேற" என்றேன்.

என்ன வேறு என்று அவர் கேட்கவில்லை.  கெம்பம்மா எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. வீட்டில் அம்மா நாலு நாளும் அழுதாள். "ஒரு பத்து நிமிசம் மண்டி போட்டா என்னாடி கொறஞ்சு போவுது, தங்கச்சிக்கோசரம்" என்பதே பேச்சு. அம்மா ஊரில் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியவளில்லை. கோழியை விரட்டக்கூடத் தயங்குவாள். லூர்து, சாமல்பட்டியிலிருந்து வந்த ரவிக்கைத் துணியைப் பெட்டியிலிருந்து எடுப்பதும் மடித்துத் திரும்ப வைப்பதுமாக இருந்தாள். அதைப் பார்த்துத்தான் நான் சரி என்றேன். வேறு எதற்கும் நான் மசிந்திருக்கமாட்டேன்.

சீட்டு டப்பா

இப்போது சீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும்.

தபசுகாலத்தில் பெரியவர்கள் எல்லோரும் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். சாமியாரிடம் தன் தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தால், உபதேசியார் ஒரு சிறிய மஞ்சள் சீட்டில் சிலுவை முத்திரை குத்திக் கொடுப்பார். அந்தச் சீட்டை ஊரார் வீட்டுக்கு வீடு சாமி படத்துக்குப் பின்னால் கம்பியில் குத்தி வைப்பார்கள். வருஷத்துக்கு ஒன்று. கம்பியைப் பார்த்தால் அந்த வீட்டுக்காரரின் வயசைச் சொல்லிவிடலாம்.

அப்பா போனபிறகு அந்த டப்பாவும் முத்திரையும் என்னிடம் வந்துவிட்டன. பெண்பிள்ளை குத்தலாமா என்று கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள். மையில் விரலைக் கறையாக்கிக்கொள்ள வேறு யாரும் முன்வராததால் விட்டுவிட்டார்கள். சாமியார் சனிக்கிழமை சாயங்காலம் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்பார், நான் வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சீட்டுக் கொடுப்பேன்.

ஆகையால் ஊரில் யார் சீட்டு வாங்குகிறார்கள், யார் வாங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ராயப்ப மாமா வாங்குவதில்லை. நான் டப்பாவை எடுத்ததிலிருந்து ஒரு தடவைகூட வாங்கியதில்லை. அவர் தம்பியோடு கிணற்றுத் தகராறு வந்தபோது கோர்ட்டில் வேதப் புத்தகத்தைத் தொட்டுப் பொய்ச் சத்தியம் செய்தார் என்று ஊரில் பேச்சு. உண்மையோ பொய்யோ, அந்த வழக்கு முடிந்ததிலிருந்துதான் அவர் சாமியார் பக்கமே போகாமல் இருந்தார். நன்மை, அதாவது பூசையில் சாமியார் கொடுக்கும் அப்பம், வாங்கப் பசித்த வயிற்றோடு வரவேண்டும் என்பது அப்போதைய ஊர்ப் பழக்கம். நன்மை வாங்காமல் தப்பிக்க அவர் ஞாயிறு காலையிலேயே வெற்றிலையை மென்றுகொண்டு வந்துவிடுவார். "என்னா பண்றது, வெத்தல இல்லாம முடியல" என்று சிரிப்பார். ஊரும் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் தண்டனை வாங்கப் போகிறவள்தான் இன்றைக்குச் சீட்டுக் கொடுக்கிறாள் என்பது யாருக்கும் வேடிக்கையாகத் தெரியவில்லை. முதல் வாரம் யாரும் வரமாட்டார்கள், ஈஸ்டரை ஒட்டிய பெரிய வாரத்துக்கு முன்னால்தான் கூட்டம் சேரும். அம்மா மட்டும் வருஷா வருஷம் முதல் ஆளாக வருவாள். அன்றைக்கு அவளுக்கு மட்டும் ஒரு சீட்டுக் குத்திக் கொடுத்தேன். நான் உள்ளே போகவில்லை. மாவிளக்கைப் பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, சொல்லாமல் சாமியார் விடமாட்டார்.

டப்பாவை மூடும்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. அப்பா இருந்தபோது முள்முடி வைக்கிறவர் ஒரு கையில் அந்த வருஷத்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டுதான் வைப்பார். தன் தப்பைச் சொல்லி முடித்தவர்தான் அடுத்தவர் தலையில் முள்ளை வைக்கலாம் என்பது முறை. சீட்டை மறந்து வந்த ஒருவரை அப்பா வீட்டுக்கே திருப்பி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். அப்பா போனபிறகு ஒரே ஒரு தடவைதான் முடி வெளியே வந்தது, சாராயம் காய்ச்சிய ஒருவருக்காக. ராயப்ப மாமா வெறுங்கையோடு வந்து வைத்தார். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்கு முட்டி போட்டது நானில்லையே.

"வீட்ல இருக்குது"

சரி, வாசலுக்கு வருவோம்.

சாமியார் படியில் நின்றார். வயசு குறைவு, ஊருக்குப் புதிது. கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ராயப்ப மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முறத்தின் பக்கம் குனிந்தார். வெற்றிலை வாசனை என் மூக்கில் ஏறியது.

"மாமா, ஒங்க சீட்டு எங்க?" என்றேன்.

"என்ன சீட்டு?"

"இந்த வருசத்துச் சீட்டு. முடி வெக்கிறவங்க கையில இருக்கணும். எங்கப்பா இருந்தப்போ அப்படித்தானே?"

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு வயசானவர், "ஆமா, அப்பிடித்தான் இருந்திச்சு" என்றார். அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை. ஞாபகம் வந்தது, வாய் சொல்லிவிட்டது.

ராயப்ப மாமா நிமிர்ந்தார். "தபசு தொடங்கி ஒரு வாரங்கூட ஆவல. அதுக்குள்ள யாரு போவாங்க?"

"எங்கம்மா போனாங்க. பரவால்ல மாமா, போன வருசத்துது இருந்தாக்கூடப் போதும். எடுத்துட்டு வாங்க."

அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். ஏழெட்டு வருஷமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் யார் என்று அவர் யோசித்ததே இல்லை.

"வீட்ல இருக்குது" என்றார்.

"சரி, போய் எடுத்துட்டு வாங்க. நான் இப்பிடியே முட்டி போட்டுக்கிட்டு இருக்கறேன். எனக்கொண்ணும் அவசரமில்ல."

நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க அவர் என்ன செய்வார்? போனார். கோயில் தெரு முனை வரைக்கும் விறுவிறுவென்று நடந்தார், அதற்கப்புறம் மெதுவாக நடந்தார். நான் அசையவில்லை. வெயில் படியிலிருந்து இறங்கி என் முகத்துக்கு வந்தது. சரளை முட்டிக்குள் போய்விட்டது. எழுந்துவிடு என்று முட்டி கெஞ்சியது. ஒருவரையும் விடாமல் கமிட்டிக்காரர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர் தங்கள் வீட்டுக் கம்பியை மனசுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்கப்போவதில்லை.

அவர் திரும்பி வரவில்லை.

கால்மணி நேரம் போயிருக்கும். கமிட்டியில் ஒருவருக்கு ஒரு யோசனை வந்தது. அவர் பெயரும் வேண்டாம். "உபதேசியார் வூட்டம்மா கிட்ட இந்த வருசத்துச் சீட்டே இருக்குதாமே. அவங்களே வெச்சிரட்டும் சாமி. முறையும் ஆச்சு, ஓலையும் படிச்சிரலாம்" என்றார்.

 அதுவரை எனக்குப் பயமே இல்லை. அம்மா வைத்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். சொன்னதைச் செய்யாமல் இருந்து அவளுக்குப் பழக்கமே கிடையாது. அதுவும் லூர்துவின் கல்யாணம் அந்த முறத்தில் இருக்கிறது.

அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து வந்தாள். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைத் திறந்து, மஞ்சள் சீட்டை எடுத்துச் சாமியாரிடம் காட்டினாள். மறுபடி மடித்துப் பைக்குள் வைத்தாள். குனிந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

முறத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது. உமியைத் தட்டுகிற அதே தட்டு, தினமும் விடியற்காலையில் நான் கேட்கிற சத்தம். கண்ணைத் திறந்தேன். முள்முடி சரளையில் விழுந்து உருண்டு கிடந்தது. அம்மா முறத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்கூட்டு மொறம் சாமி" என்றாள். "மத்தியானச் சோத்துக்கு அரிசி பொடைக்கணும். நீங்க போயி ஓலையப் படிங்க, நேரமாவுது."

   என்னைப் பார்த்து, "எந்திரி புஷ்பம்" என்றாள்.

சாமியார் முடியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். ஊரும் முள்ளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போயிற்று. பிரசங்கம் முடிந்ததும் முதல் ஓலை வாசித்தார். சாமல்பட்டி என்பதைத் தட்டுத்தடுமாறிச் சொன்னார். தடை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றபோது, யாரும் இருமக்கூட இல்லை. தூணுக்குப் பின்னால் லூர்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டே பூசை முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

லூர்துவின் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. ராயப்ப மாமா திருந்தினாரா என்று கேட்பீர்கள். தெரியாது. என்னிடம் சீட்டு வாங்க அவர் வரவேயில்லை. என்னோடு பேசவும் இல்லை. முள்முடியை யாரோ எடுத்து வேலியில் செருகிவிட்டார்கள். அதற்கப்புறம் எங்கள் ஊரில் யாரையும் வாசலில் முட்டி போடச் சொல்லவில்லை. நிறுத்திவிட்டோம் என்று ஒருவரும் அறிவிக்கவுமில்லை. முடியை எடுக்க முதலில் யார் கையை நீட்டுவது?

திங்கட்கிழமை

இனி என் முறை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு நான் நடந்துபோன நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஊரையே ஜெயித்தவள் மாதிரிப் போனேன். இரண்டு முட்டியிலும் காயம் பொருக்குத் தட்டியிருந்தது, புடவை உரசும்போது எரிந்தது. அந்த எரிச்சல்கூட எனக்குப் பெருமையாக இருந்தது.

பிரேயர் முடிந்து, வருகைப் பதிவு எடுத்து முடித்த பிறகு கெம்பம்மா வந்தாள். வழக்கம்போல லேட். வழக்கம்போல வாசலில் நின்று, "உள்ள வரலாமா டீச்சர்?" என்றாள்.

 கரும்பலகையில் எழுதிக்கொண்டே கையை மட்டும் வெளியே காட்டினேன். அவள் போய்ச் சரளையில் முட்டி போட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, ஒழுங்காகப் போட்டிருக்கிறாளா, குதிகாலில் உட்கார்ந்து ஏமாற்றுகிறாளா என்று பார்க்க வெளியே போனேன். ஒழுங்காகத்தான் போட்டிருந்தாள். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நேற்றுப் புளியமரத்தடியில் அவளும்தான் நின்றிருந்தாள்.

"டீச்சர், உங்க சீட்டு எல்லி?" என்றாள்.

 எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. கையில் புளிய விளாறு இருந்தது. நாலாம் வகுப்புக் கழுதை என்னைக் கேள்வி கேட்கிறதா என்று கையை ஓங்கினேன். அவள் கண்ணைக்கூட மூடவில்லை. நான் ராயப்ப மாமாவைப் பார்த்ததுபோலவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது.

அவள் குவாரிக் கொட்டகையில் மூன்று குடும்பத்துக்குத் தண்ணீர் சுமந்துவிட்டு வருகிறாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஏன் லேட் என்று ஒரு நாள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் கேட்டதே இல்லை.

"இல்ல" என்றேன்.

கெம்பம்மா முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். நான் சொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை. என்னைத் தாண்டி உள்ளே போய், தன் இடத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து ஸ்லேட்டை எடுத்துத் துடைத்தாள். நாற்பது பிள்ளைகளும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே நின்றுகொண்டிருந்தது நான்தான்.

விளாறைச் சரளையில் போட்டேன்.

"உள்ள வரலாமா?" என்று கேட்டேன்.